நிறுத்தாது செலுத்துகிறார்

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மத்ரஸா மண்டபத்தில் இருந்தவர்களையும் அவர்கள் இருந்த இடங்களையும் முதலில் எழுதிவிடுகிறேன். மின்விசிறிக்கு நேர் கீழே, கைப்பிடி உள்ள ஒரே கதிரையில், ஜமாஅத் தலைவர் ஹயாத்து முகம்மது ஹாஜியார். அவருக்கு இடது கைப்பக்கம், யன்னலோர வாங்குப் பலகையில், ஃபைஸல். இரண்டு இயந்திரப் படகுகளுக்குச் சொந்தக்காரன், முறைப்பாட்டுக்காரனும் அவனே. வாசலை ஒட்டிக் கவிழ்த்து வைத்த பெயின்ட் வாளியில் சைக்கிள் திருத்தும் ஹுனைஸ். கதிரை தந்தும் வேண்டாம் என்றார். உயரத்தில் இருந்து பழக்கமில்லையாம். பாதித் திரை இழுத்த பக்கத்து அறையில், பாயில், இல்மாவும் அவளுடைய உம்மா பளீலாவும். நடுவில் மேசை, கோப்பு, பேனை, செயலாளராகிய நான். இல்மாவின் சைக்கிள் வெளியே வேப்பமரத்தில் சாய்ந்து நின்றது.

தீர்க்க வேண்டியது ஒன்றுதான். இல்மா தபால் பையைத் தொடர்ந்து சுமப்பாளா, மாட்டாளா?

ஏழு மாதமாக அவள் எங்கள் உப தபாலகத்தின் பதில் தபால்காரி. பழைய தபால்காரர் ஓய்வு பெற்றபின் அந்த இடம் யாருக்கும் கொடுக்கப்படாமல் இருந்தது. மாதக் கடைசியில் அதை இல்மாவுக்கே நிரந்தரமாக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுவதாகத் தபாலதிபர் வாக்களித்திருந்தார். கணவன் இல்லை, எட்டு வயதில் ஒரு மகள், பழைய விடுதிச் சமையல் வேலையும் பருவத்துக்கு மட்டும்தான். இந்தப் பை போனால் வேறொன்று கிடைக்காது என்பது அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அவளுடைய சைக்கிள் ஆலங்குடாவுக்குக் கைட் ஓட்ட, அதாவது பெரிய பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்க, வந்த ஒரு டென்மார்க்காரி விட்டுப்போனது. ஊருக்குத் திரும்பும் நாளில் அந்தப் பெண், விடுதிக் குசினியிலிருந்து இல்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அந்தக் கையைச் சைக்கிள் இருக்கையின் மேல் வைத்து இரண்டு முறை தட்டிவிட்டு வேனில் ஏறிப் போனாளாம். களப்புத் தண்ணீரின் பச்சை நிறம். மற்றச் சைக்கிள்கள் மிதிக்காமல் உருளும்போது பின்சில்லுக்குள் ஒரு பூச்சி இருந்து டிக் டிக் என்று கத்தும். இதற்குள் அந்தப் பூச்சி இல்லை. காலையில் நான் யன்னலடியில் எழுதிக்கொண்டிருப்பேன். உப்புப் பூத்த வெளிச்சத்தில் ஒரு நிழல் வரும். கறுப்பு அபாயா காற்றில் ஒரு பக்கமாக உப்பியிருக்கும், கால்கள் ஒரே சீராகச் சுற்றும், யன்னல் கம்பிக்குள்ளால் ஒரு கடிதம் வந்து விழும், நிழல் போய்விடும். சத்தமே இராது. ஆள் வராமல் கடிதம் மட்டும் வந்ததோ என்று சில நாட்களில் எனக்கே சந்தேகம் வந்ததுண்டு.

இனி முறைப்பாடு. ஊரின் தெற்கு எல்லையில், ரோட்டோரம், இறந்தவர்களை அடக்கும் மையவாடி. அதன் மதில் நூற்று நாற்பத்திரண்டு எட்டு நீளம். வெள்ளையடிக்க மதிப்பீடு எழுதியபோது நடந்து அளந்தேன். மதில் தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர்ச் சைக்கிள்காரர் மிதிப்பதை நிறுத்துவார்கள். உள்ளே அடங்கியிருக்கும் கப்றாளிகளுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, மதில் முடியும்வரை சும்மா உருள்வார்கள். மார்க்கத்தில் அப்படியொரு கட்டளை இல்லை என்று மௌலவிமார் பல தடவை சொல்லிவிட்டார்கள். ஆனாலும் கால் தானாக நின்றுவிடும். மோட்டார் சைக்கிள்காரர்கள்கூட அந்த இடத்தில் முறுக்கிய கையைத் தளர்த்துகிறார்கள்.

ஃபைஸலின் வாப்பாவை ஜூன் மாதத்தில் அங்கே அடக்கினோம், பூவரச மரத்துக்குக் கீழே, மதிலோரத்தில். மூன்றாம் நாள் அவன் கப்றடியில் நின்றபோது இல்மா ரோட்டால் போனாள். கால்கள் சுற்றியபடியே போயின. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். என்னை அண்ணன் முறையில் நானா என்று அழைக்கும் அவன் என்னிடம் வந்தான்.

"இல்மா மையவாடியடியில கால நிப்பாட்டுற இல்ல, நானா. நிப்பாட்டச் சொல்லிப் போஸ்ட் மாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க."

எழுதினேன். தபாலதிபருக்குப் போகும் கடிதத்தில் "கால்" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மதுரங்குளிப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கடிதம் எழுதப் பழக்கியவர் உடலுறுப்புகளின் பெயர்களை விண்ணப்பத்தில் விடவே மாட்டார். ஆகவே, "மேற்படி உத்தியோகத்தர் மையவாடி அருகில் நிறுத்தாது துவிச்சக்கரவண்டியைச் செலுத்துகிறார்" என்று எழுதி, ஜமாஅத் முத்திரையும் குத்திக் கொடுத்தேன். நல்ல வாக்கியம் என்றே நினைத்தேன்.

"ஸலாஹுதீன், போஸ்ட் மாஸ்டர்ட கடிதத்த வாசிங்க" என்றார் ஹாஜியார் மண்டபத்தில் என்னிடம்.

வாசித்தேன். நிறுத்தாது செலுத்துவதாகக் கிடைத்த முறைப்பாட்டின் பேரில் தபாலதிபர் வண்டியைப் பரிசோதித்தாராம். அதில் நிறுத்தும் கருவி எதுவும் பொருத்தப்பட்டிருக்கவில்லையாம். அவ்வாறான வண்டியில் தபால் விநியோகிக்க இடமளிக்க முடியாது. வேறு வண்டி பெற முடியாவிடின் வேறு ஆளை எடுக்க நேரிடும். ஜமாஅத்தின் கருத்தைப் பதினான்கு நாட்களுக்குள் அறியத் தரவும்.

ஃபைஸல் வாங்கை விட்டு எழும்பிவிட்டான். "நான் எங்க பிரேக்கப் பத்திக் கதைச்ச? நான் கதைச்சது காலப் பத்தி!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோப்பைத் திறந்து என் பிரதியை வாசித்தேன். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கால் எங்க போன, ஸலாஹுதீன்?"

"நான்தான் எடுத்துட்டன், ஹாஜியார். அழகுக்காக."

"நல்ல அழகு" என்றது திரைக்குப் பின்னாலிருந்து பளீலாவின் குரல். "என்ட புள்ளட சோத்துல மண்ணப் போட்ட அழகு."

ஹுனைஸுக்கு வேறு வியப்பு. "ஏழு மாசமா பிரேக் இல்லாமயா ஓடின? என்ட கண்ணுக்கே படல்லியே!"

"உங்கட கண்ணுக்குப் பஞ்சர் மட்டும்தானே படும், ஹுனைஸ் தம்பி" என்றாள் பளீலா.

அவர் சிரித்துக்கொண்டே வெளியே போய்ச் சைக்கிளைக் கொண்டுவந்து மண்டபத்தின் நடுவில் வைத்தார். பின்சில்லைத் தூக்கிக் கையால் சுற்றினார். பெடல்கள் இரண்டும் ஆளில்லாமல் சுற்றின. பெடலைப் பிடித்தார், சில்லு நின்றது. பின்பக்கமாகத் தள்ளினார், சில்லும் பின்பக்கமாக ஓடியது.

"பாருங்க ஹாஜியார். இதுல ஃப்ரீவீல் இல்ல. சில்லு சுத்துற மட்டும் பெடலும் சுத்தும், பெடல் சுத்துற மட்டும் காலும் சுத்தும். இந்தப் புள்ளைக்குக் கால நிப்பாட்ட ஏலா."

"அப்ப எப்பிடி மகள் சைக்கிள நிப்பாட்டுற?"

"கால இறுக்குவன் ஹாஜியார்" என்றாள் இல்மா. "பெடல் மேல எழும்பி வரக்குள்ள மெதுவா எதிர்த்துப் பிடிப்பன். கழுத ரோட்டுல படுத்திருந்தாலும் அது கண் முழிக்க முந்தி நிப்பன்."

ஹாஜியார் நிம்மதியாகச் சாய்ந்தார். "சரி. அப்ப சின்ன வேலதானே? ஹுனைஸ், ஒரு ஃப்ரீவீலும் ரெண்டு பிரேக்கும் போடுங்க, ஜமாஅத்து சார்பில. போஸ்ட் மாஸ்டருக்குப் பிரேக். ஃபைஸலுக்கு ஃப்ரீவீல். எழுதுங்க ஸலாஹுதீன்."

நான் பேனையை எடுத்தேன். ஃபைஸல் தலையசைத்தான். எல்லாம் முடிந்தது போலத்தான் இருந்தது.

"பிரேக் போடுங்க" என்றாள் இல்மா. "ஃப்ரீவீல் வேணாம்."

"ஏன்?" என்றார் ஹாஜியார்.

ஃபைஸலின் முகம் சிவந்தது. "பாத்தீங்களா? மௌத்தாப் போனவங்களுக்கு ஒரு மரியாத குடுங்கண்டா, அவக்குச் சைக்கிள்ட ஸ்டைல் பெருசு!"

திரை ஒதுங்கியது. இல்மா வெளியே வந்தாள். "ஹுனைஸ் நானா, உங்கட சைக்கிளத் தாங்க. எல்லாரும் ரோட்டுக்கு வாங்க."

வெளியே சோளகக் காற்று முழு மூச்சில் இருந்தது. மணல் புகையைப் போல ரோட்டைக் குறுக்காகக் கடந்துகொண்டிருந்தது. கடற்கரைப் பக்கம் வானத்தில் ஏழெட்டு கைட்டுகள், சிவப்பும் மஞ்சளுமாக, கயிறே இல்லாதவை போல மிதந்தன. மாம்புரிப் பக்கம் காற்றாலைகள் வெயிலில் கரைந்து, இறக்கைகள் மட்டும் தெரிந்தும் மறைந்தும் சுற்றின. அந்த நேரத்தில் எங்கள் ரோட்டில் எதைப் பார்த்தாலும் தரையிலிருந்து நான்கு விரல் உயர்ந்து நிற்பதாகத் தோன்றும்.

இல்மா ஹுனைஸின் பழைய கறுப்புச் சைக்கிளில் ஏறினாள். வலது கால் ஓங்கி மிதித்தது. சைக்கிள் புறப்பட்டது. இடது பெடல் உச்சிக்கு வந்தது, வந்த இடத்திலேயே நின்றது. அவளுடைய இடது கால் அதன்மேல் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை. செயின் தொய்ந்தது. டிக் டிக் டிக் என்று பூச்சி கத்த, சைக்கிள் உருண்டு, தளர்ந்து, பக்கமாகச் சாய்ந்தது. அவள் காலை ஊன்றிக்கொண்டாள். மறுபடி மிதித்தாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறை விழுந்தே விட்டாள்.

பளீலா ஓடிப்போய்த் தூக்கினாள். எங்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னாள்: "மூணு வருஷத்துக்கு முந்தி பாலாவியில த்ரீவீலர் பெரண்டது ஞாபகமிரிக்கா? முழங்கால்ல தகடு வெச்சிரிக்கி. நடப்பா. மிதிக்க ஏலா. இந்தப் பச்சச் சைக்கிள்தான் அவட செத்த காலத் தூக்கித் தூக்கி விடுது. சுத்தி வரக்குள்ள சில்லே கால மேல ஏத்தி, சில்லே எறக்கும்."

"ஏன் புள்ள இத முந்தியே சொல்லல்ல?" என்றார் ஹாஜியார்.

"சொன்னா வேலை தருவாங்களா, ஹாஜியார்? தபால்காரிக்குக் கால் சரியில்லண்டு எந்தக் கந்தோர்ல எழுதி எடுப்பாங்க?" அபாயாவிலிருந்த மணலைத் தட்டினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஸலாஹுதீன் நானா, அழகா எழுதினாலும் சரி, அசிங்கமா எழுதினாலும் சரி. இந்தக் கால் கதைய மட்டும் எழுதிப் போடாதீங்க."

அதன்பின் பச்சைச் சைக்கிளில் ஏறினாள். பெடல் வாருக்குள் பாதங்களை நுழைத்தாள். ஹுனைஸ் ரோட்டில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு கீறினார். அவள் போனாள், திரும்பி வந்தாள், கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றாள். சத்தமில்லை, உரசல் இல்லை. ஒருவர் கதைத்துக் கதைத்து மௌனமாவது போல அந்தச் சைக்கிள் நின்றது. இரண்டாம் முறையும் நின்றாள். மூன்றாம் முறை முன்சில்லு கோட்டின் மேலேயே நின்றது. மூன்றையும் நான் உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன்.

ஃபைஸல் மட்டும் ஒதுங்கி நின்றான். "காலத் தூக்குதோ, எறக்குதோ," என்றான், முந்திய கோபம் இல்லாமல், "வாப்பாட தலமாட்டால மிதிச்சிட்டுப் போறாளேண்டுதான் எனக்குத் தெரிஞ்ச. அத நான் எப்பிடி மறக்கிற?"

"அப்ப நீங்க ஏறிப் பாருங்க, ஃபைஸல் நானா" என்றாள் இல்மா. "மதிலடியில கால நிப்பாட்டிக் காட்டுங்க. நிப்பாட்டினீங்கண்டா நாளைக்கே பையக் குடுத்துடுறன்."

எல்லாருமாக மையவாடி வரை நடந்தோம். அவன் சாரத்தை மடித்துக் கட்டினான். செருப்பைக் கழற்றினான். ஹுனைஸ் அவனுடைய பாதங்களை வாருக்குள் வைத்துவிட்டார். "குதிரையில ஏறின மாதிரித்தான்," என்றார் ஹுனைஸ், "எறங்குறத்துக்கு முந்தி யோசிங்க." மதிலுக்குத் தெற்கே கொஞ்ச தூரம் தள்ளிக் கொண்டுபோய், காற்றை முதுகில் வாங்கும்படி வடக்கே திருப்பி நிறுத்திவிட்டு, அவன் புறப்படுமுன் எங்களிடம் வந்துவிட்டார்.

அவன் வந்ததை நாங்கள் மதிலடியிலிருந்து பார்த்தோம். முதலில் அவன்தான் சைக்கிளை ஓட்டினான். பிறகு சோளகம் அவனை ஏந்திக்கொண்டது. மதில் தொடங்கியது. ஃபைஸலின் உதடுகள் அசைந்தன. ஸலாம் சொல்கிறான் என்று தெரிந்தது. கால்களை நிறுத்தினான். சைக்கிள் துள்ளியது. அவனை இருக்கையிலிருந்து ஒரு சாண் மேலே தூக்கிப் போட்டது. பளீலா வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி முயன்றான், மறுபடி தூக்கியது. பூவரச மரம் நெருங்கியது. அந்த இடத்தில் அவன் கைவிட்டுவிட்டான். கால்களை, மிதிப்பதும் இல்லாமல் எதிர்ப்பதும் இல்லாமல், பெடல்களிடமே கொடுத்துவிட்டான்.

அப்போது நான் பார்த்ததைச் சரியாக எழுத வேண்டும். அவனுடைய முழங்கால்கள் மேலே வந்தன, கீழே போயின. ஆனால் முகத்தில் ஓர் உழைப்பும் இல்லை. தூங்குகிற பிள்ளையின் கையைத் தாய் எடுத்து வேறிடத்தில் வைப்பது போல அந்தச் சைக்கிள் அவனுடைய கால்களை எடுத்து எடுத்து வைத்தது. பூவரசின் நிழல் அவன்மேல் விழுந்து, ஓடி, நீங்கியது. மஞ்சள் பூ ஒன்று காற்றில் வந்து அவன் தோளில் பட்டுப் போனது. அவன் மதிலுக்கு அப்பால் பார்த்துக்கொண்டே போனான். நூற்று நாற்பத்திரண்டு எட்டுத் தூரம். எங்களைக் கடந்தபோது அவன் எங்களைக் காணவில்லை. கைட்டுகளும் காற்றாலையும் மணலும் அவனோடு சேர்ந்து வடக்கே போவதாகத் தெரிந்தது. நாங்கள் ஐந்து பேர் மட்டும் பின்னால் விடப்பட்டோம்.

மதில் முடிந்தது. அவன் போய்க்கொண்டே இருந்தான்.

"எங்க போறான்?" என்றார் ஹாஜியார்.

"நிப்பாட்டத் தெரியா" என்றார் ஹுனைஸ் அமைதியாக.

"கல்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தா ஒரு ஃபோன் கோல் எடுக்கச் சொல்லுங்க" என்றாள் பளீலா.

அவ்வளவு தூரம் போகவில்லை. வளைவில் ரோட்டை விட்டு இறங்கி, மணலுக்குள் பாய்ந்து, அடம்பன்கொடிக்கு மேல் கவிழ்ந்து கிடந்தான். நாங்கள் ஓடிப் போனபோது மல்லாக்காகப் படுத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதம் ஒன்று இன்னும் வாருக்குள் இருந்தது.

"நெஞ்சு நோவா? கால் நோவா?" என்றார் ஹாஜியார்.

"கால்..." என்றான் ஃபைஸல். "கால் என்ட இல்ல, ஹாஜியார்." பிறகு எழுந்து உட்கார்ந்தான். மணல் ஒட்டிய கன்னத்தோடு இல்மாவைப் பார்த்தான். "நான் மிதிக்கல்ல, தங்கச்சி. வாப்பாக்கு முன்னால நான் மிதிக்கவே இல்ல."

"தெரியும் நானா."

"நீயும் மிதிக்கல்ல."

"இல்ல நானா."

ஹுனைஸ் சைக்கிளை நிமிர்த்தி, முன்சில்லைச் சுற்றிப் பார்த்தார். "முன்னுக்கு ஒரு பிரேக் போடத்தான் வேணும்," என்றார், "இல்மாக்கு இல்ல. கடன் வாங்கி ஓடுறவங்களுக்கு." அன்று மாலையே தன் கடையிலிருந்த ஒன்றைக் கொண்டுவந்து பூட்டிவிட்டார். இல்மா பிரேக் நெம்பை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாள்.

கடிதத்தை அன்றிரவு எழுதவில்லை. காலையில், கை தெளிவாக இருக்கும் நேரத்தில் எழுதினேன். ஒன்று: முன்னைய கடிதத்தில் "நிறுத்தாது" என்ற சொல் முறைப்பாட்டுக்காரர் சொன்னதல்ல, எழுதியவரின் பிழை. இரண்டு: மேற்படி வண்டி சாட்சிகள் முன்னிலையில் மூன்று தடவை உரிய இடத்தில் நிறுத்திக் காட்டப்பட்டது. மூன்று: அதன் முன்சில்லுக்கு இப்போது பிரேக் பொருத்தப்பட்டுள்ளது. நான்கு: முறைப்பாடு மீளப் பெறப்படுகிறது, உத்தியோகத்தரைத் தொடர்ந்து வைத்திருக்குமாறு ஜமாஅத் கேட்டுக்கொள்கிறது.

ஐந்து என்று இலக்கமிட்டு, "அவ்வண்டியையே பாவிப்பதற்கான காரணம்" என்று தலைப்பும் எழுதிவிட்டேன். காரணம் இல்லாத கடிதம் எனக்குப் பிடிக்காது. தபாலதிபர் நிச்சயம் கேட்பார். இல்மா ரோட்டில் நின்று கேட்டுக்கொண்டது ஞாபகம் வந்தது. பிறகு அந்தத் தாளைக் கிழித்து, புதிய தாளில் நான்கோடு முடித்தேன்.

கையெழுத்து வைக்க ஃபைஸல் வந்தான். கன்னத்தில் சிராய்ப்பு. இரண்டு முறை வாசித்தான்.

"நான் சொன்னது எங்க?"

"மீளப் பெறப்படுகிறதுண்டு போட்டிருக்கே."

"அது நீங்க சொன்ன. நான் சொன்னத நான் சொன்ன மாதிரியே போடுங்க."

அவன் சொல்லச் சொல்ல நான்காம் இலக்கத்தின் கீழே மேற்கோள் குறிக்குள் எழுதினேன்: "பாக்கக்குள்ள மிதிக்கிற மாதிரி இருக்கும், ஆனா அவ மிதிக்கிற இல்ல. சைக்கிள்தான் காலக் கொண்டு போற. நான் ஓடிப் பாத்தன்." என் கோப்பில் இருக்கும் எண்ணூற்றுச் சொச்சம் பிரதிகளில் அப்படியொரு வரி கிடையாது. திருத்தவில்லை. அவன் கையெழுத்து வைத்தான். நானும் வைத்து, ஜமாஅத் முத்திரை குத்தினேன்.

ஒன்பது மணி கடந்து சிறிது நேரத்தில் யன்னலில் நிழல் வந்தது. கடிதத்தை உறைக்குள் இட்டு, அவள் பார்க்கவே மடிப்பில் பசை தடவி, கட்டைவிரலால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அழுத்தினேன்.

"போஸ்ட் மாஸ்டருக்குத்தானே, நானா? அப்பிடியே கையில குடுத்துடவா?"

"கையில குடு."

அவள் உறையைத் திருப்பிப் பார்த்தாள். "முத்திரை ஒட்டல்லியே. முத்திரை இல்லாததை நான் எடுக்க மாட்டன்."

மேசை லாச்சியைத் திறந்து ஒரு தபால் முத்திரை எடுத்து, நனைத்து, மூலையில் ஒட்டினேன். நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். பைக்குள் மற்றக் கடிதங்களோடு வைத்து, வாரை இறுக்கிக்கொண்டு போனாள்.